பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் பட்ட பாடு

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்பது, அந்த வயதானவரைத் தவிர வீட்டிலுள்ள மற்ற எல்லோருடைய மனசும் கோணாமல் நடந்துகொள்ளும் வேலை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல வீட்டு நர்ஸாக இருந்தவர்கள் இருப்பீர்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் இருப்பீர்கள். பட்டமும் லீவும் இல்லாமல் இதே வேலையை மாமியாருக்கோ மாமனாருக்கோ செய்துகொண்டிருக்கும் மருமகள்களும் இருப்பீர்கள். உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. படுக்கையை மாற்றுவதோ, அசிங்கம் துடைப்பதோ, தூக்கி உட்காரவைப்பதோ பழகிவிடும். அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று யோசனை சொல்கிறாரே ஒருவர், அவரைத்தான் பழகவே முடியாது.

என் பெயர் வசந்தா. சொந்த ஊர் காரைக்காலுக்குப் பக்கத்தில் சுரக்குடி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு உதவி நர்ஸ் பயிற்சி முடித்தேன். சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, அதற்கப்புறம் சில வருஷங்கள் வரை காரைக்கால் பக்கம் இந்த வேலையில் இருந்தேன். பிள்ளைகள் துபாய்க்கும் சென்னைக்கும் பிரான்சுக்கும் போய்விட, பெரிய பெரிய வீடுகளில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சிய காலம் அது. செல்போன் கடைகளும் ‘ஹோம் நர்ஸ் சர்வீஸ்’ போர்டுகளும் போட்டி போட்டுக்கொண்டு முளைத்தன.

கோட்டயத்திலிருந்து வந்த சுரக்குடிக்காரி

என்னை வேலைக்கு அனுப்பிய சர்வீஸ் ஓனர் அதற்கு முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை பிடித்து, இரண்டு நாற்காலியும் ஒரு போனும் போட்டு, வாடிக்கையாளர்களிடம் “நம்மகிட்ட எல்லாரும் கேரளா நர்ஸுங்க சார்” என்று அடித்துவிடுவார். நர்ஸ் என்றாலே கேரளா என்று ஊரில் ஒரு நினைப்பு. “அண்ணே, எனக்கு மலையாளம் தெரியாதே” என்றேன். “தெரியாட்டி என்ன? கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுங்க. தண்ணியை வெள்ளம்னு சொல்லுங்க. போதும். பெரியவங்களுக்குக் காதா கேக்கப்போவுது?” என்றார். அவர் நடத்திய பயிற்சி வகுப்பு அவ்வளவுதான்.

முதல் வீடு ராஜலட்சுமி டீச்சர் வீடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காது மட்டும் பாம்புக் காது. சென்னையிலிருந்து வந்திருந்த மகன் என்னை ஏதோ வெளிநாட்டு மருந்தை அறிமுகப்படுத்துவதுபோல, “அம்மா, கேரளாலேர்ந்தே ஆள் வரவழைச்சிருக்கேன்” என்று சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டும் சொன்னார். சாயங்கால ரயிலுக்கு அவர் கிளம்பிப் போனதும் நான் டீச்சர் பக்கத்தில் போய் இழுத்த குரலில், “வெள்ளம் வேணுமா?” என்று கேட்டேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அரசலாத்துல ஓடுறதா, டம்ளர்ல இருக்கறதா?” என்றார்.

எந்த ஊர் என்று கேட்டார். கோட்டயம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்தபோது என்னை அறியாமல், “செத்த பொறுங்கம்மா, முதுகுக்கு ஒண்ணு வெச்சுர்றேன்” என்று சுரக்குடி வாய் சொல்லிவிட்டது. டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். வாதம் வந்த வாயால் சிரிப்பது லேசில்லை. ஒரு பக்கம் கோணிக்கொண்டு எச்சில் ஒழுகியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு நிற்கவில்லை. நான் பயந்துபோய் உண்மையைச் சொல்லி, வேலை போய்விட்டது என்று பையை எடுக்கப் போனேன். டீச்சர் நல்ல கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். “எம் புள்ள போன்ல கேட்டா நீ கோட்டயமாவே இரு, அவன் சந்தோசப்படட்டும். எங்கிட்ட மட்டும் சுரக்குடியா இரு, எனக்குப் பேச ஆள் வேணும்.”

உறை போட்ட வண்டி

பூவம் என்ற ஊரில் வைத்திலிங்கம் என்று ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து சுற்றுவட்டாரம் முழுக்க சைக்கிள் மிதித்தவர். இடுப்பெலும்பு உடைந்து நடக்க முடியாமல் ஆனதும், துபாயில் இருந்த மகன் ஒரு சக்கர நாற்காலி அனுப்பிவைத்தார். அப்படி ஒரு வண்டியை அந்த ஊர் பார்த்ததில்லை. மெத்தை வைத்த இருக்கை, மடக்கும் கால்தாங்கி, பளபளவென்று சக்கரம். மருமகள் அதைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், வந்தபோது இருந்த பாலிதீன் உறையோடு நிறுத்திவைத்தார். தினமும் உறைமேல் தூசி தட்டினார். வந்தவர்களெல்லாம் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “உங்க மாமனார் குடுத்து வெச்சவரு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடுத்து வைத்தவரை நான் கொல்லைக்கும் குளிக்கிற இடத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தரையில் கர்ர்ரென்று இழுத்துக்கொண்டு போனேன். வாசல் படியில் அது இறங்காது. அதனால் அவர் தெருவைப் பார்த்தே பல மாசம் ஆகியிருந்தது. “அக்கா, உறையைப் பிரிச்சுத் தாங்களேன்” என்று கேட்டேன். “அழுக்காயிடும்ல?” என்றார் மருமகள்.

அப்பா வண்டியில் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று மகன் போனில் கேட்டார். ஸ்டுடியோக்காரர் வந்தார். பெரியவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, உறைமேலேயே தூக்கி உட்காரவைத்தோம். பாலிதீன் வழுக்கியது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தார். நான் பின்னால் குனிந்து அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ள, ஸ்டுடியோக்காரர் என் கை தெரியாமல் எடுத்துவிட்டார். கழுத்து இறுகியதில் பெரியவர் முகம் நிமிர்ந்து, கண் விரிந்து, படத்தில் ஏதோ பெருமிதமாக இருந்தது. மகன் அதைப் பெரிதாக்கி அங்கே சுவரில் மாட்டிக்கொண்டாராம்.

பிறகு மகன் லீவில் வந்தார். வந்த கையோடு உறையைக் கிழித்தெறிவார் என்று நான் காத்திருந்தேன். அவர் வண்டியைச் சுற்றிவந்தார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், மனைவியைப் பார்த்து, “பரவாயில்லையே, புதுசு மாதிரியே வெச்சிருக்கியே” என்று பாராட்டினார். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் மகனைக் கூப்பிட்டு ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். “தம்பி, போட்டோ எடுத்தப்ப நான் ஒக்காந்தேனே, வண்டிக்கு அடிகிடி ஒண்ணும் படலியே?”

வருஷத்துக்கு ஒரு நாள்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா, சுந்தரம். எல்லோரும் முசே, அதாவது ஐயா, என்றே கூப்பிடுவார்கள். மனைவி போய்விட்டார், பிள்ளை இல்லை, தங்கை மகனான மருமகன் வீட்டில் இருந்தார். வீடு முசே கட்டியது, ஓடியதும் அவருடைய பிரெஞ்சு பென்ஷனில்தான். அதில் அவருக்குக் கிடைத்தது பின்கட்டில் சாமான் போட்டுவைக்கும் அறை. கொசு வருகிறது என்று ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி எடுத்துப் போன அவருடைய ரேடியோ, கூடத்தில் மருமகன் காதோரம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. பகல் முழுக்கக் கூட இருக்கும் எனக்கு வீட்டம்மா சொல்லித்தந்த ஒரே வேலை, “அவரு கூப்புட்டா என்னன்னு கேளுங்க, இதோ வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க” என்பதுதான்.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி முன்னால் நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அந்த நாள் நெருங்கினால் வீடே மாறிவிடும். முடி வெட்டுகிறவர் வீட்டுக்கே வருவார். அந்துருண்டை வாசனையோடு கோட்டு வெளியே வரும். முட்டை வரும், பழச்சாறு வரும். ஒரு வருஷமாக அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத பேரப்பிள்ளைகள், “தாத்தா, தாத்தா” என்று கட்டிலைச் சுற்றும். மருமகன் அவரைக் கார் வரைக்கும் தாங்கிக் கூட்டிப் போனதைப் பார்த்திருந்தால் உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது.

அங்கே போனதும் முசே கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். சும்மா மரியாதைக்கு, “எப்படி இருக்கீங்க முசே?” என்று கேட்டுவைத்தார். முசே அதற்குச் சொன்ன பதிலில் மருமகன் முகம் வெளிறி, திரும்பி வருகிற வழியெல்லாம் வியர்த்துக்கொண்டே வந்தார். மறுநாளே ஜன்னலில் ஆணி பிடுங்கினார்கள், ரேடியோ ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது. நான் அங்கே இருந்தவரை யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. முசே சொன்னது இவ்வளவுதான்: “இன்னிக்கு நல்லா இருக்கேன். நாளைக்கு வந்து பாருங்க.”

சனிக்கிழமை

அங்கிருந்த நர்ஸ் பிரசவ லீவில் போனதால், திருநள்ளாறு போகிற சாலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் கொஞ்ச நாள் இருந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கே ரசமும் அப்பளமும். சனிக்கிழமை விடிந்தால் போதும், சனீஸ்வரனைக் கும்பிட வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். வயதானவர்களுக்குச் சோறு போட்டால் தோஷம் விலகும் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். முதல் கூட்டம் எள்ளுச்சாதமும் வடையும் போடும். அவர்கள் கார் வெளியே போகும்போதே அடுத்த கார் சர்க்கரைப் பொங்கலோடு உள்ளே வரும். அதற்குப் பின்னால் இன்னொரு கார், மறுபடியும் எள்ளுச்சாதம். ஒவ்வொரு கூட்டமும் தன் கையாலேயே பரிமாறி, அவர்கள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்து, காலில் விழுந்து, போட்டோ எடுத்துக்கொண்டுதான் போகும். “சர்க்கரை வியாதிக்காரங்க இருக்காங்க சார், இனிப்பு வேணாம்” என்று நான் மேலாளரிடம் சொன்னால், “ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. வேண்டாம்னா வந்தவங்க மனசு கஷ்டப்படும்ல?” என்பார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் கக்கூஸ் வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசையைப் பார்க்க எந்தக் காரும் வந்ததில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாம்மா என்கிற அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து நடந்தபடி சொன்னார். “வந்தவங்கள விட்டுச் சனி போயிருச்சான்னு தெரியல. எங்கிட்டதான் எறக்கி வெச்சுட்டுப் போயிருக்காங்க.”

மூன்று மூஞ்சி

சுனாமிக்கு அடுத்த வருஷம் மண்டபத்தூரில் வயதான மீனவர்களுக்காக ஒரு பகல் நேரப் பராமரிப்பு மையம் திறந்தார்கள். நடத்தியது வெளியூரிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம். ரத்தக்கொதிப்பு பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் என்னைப் போட்டார்கள். நல்ல கட்டடம், மின்விசிறி, கேரம் போர்டு, டிவி. ஜன்னல்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்து. கடலைப் பார்த்தால் அவர்களுக்குப் பயம் வரும் என்று யாரோ படித்தவர் முடிவு செய்திருந்தார். பொறுப்பாளர் மேடம் சின்ன வயசு, நல்ல மனசுதான். எதற்கெடுத்தாலும் ‘வாழ்க்கைத் தரம்’ என்பார். காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துக் கையைத் தூக்கி, “ஹா ஹா ஹா” என்று சிரிக்கச் சொல்லுவார். சிரித்தால் மனசு லேசாகுமாம். அந்த வட்டத்தில் அலைக்குப் பேரனைக் கொடுத்தவர் இருந்தார், மகளைக் கொடுத்தவர் இருந்தார். சிங்காரவேலு என்கிறவர் பெண்சாதியைக் கொடுத்திருந்தார். எல்லோரும் கையைத் தூக்கி, மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “ஹா ஹா ஹா” என்றார்கள். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது.

சிங்காரவேலுவுக்கு ஒரே ஒரு தேவை. காலையில் படகு கரை ஏறுகிற நேரத்துக்கு அவர் கடற்கரையில் இருக்க வேண்டும். படகை இழுக்க ஒரு கை கொடுப்பார், வலையிலிருந்து மீன் பிரிப்பார், யார் எங்கே போனார்கள், வலையில் என்ன மீன் பட்டது என்று பேசுவார். பிறந்ததிலிருந்து பழகிய காலை நேரம். மையத்தில் அந்த நேரத்துக்குத்தான் சிரிப்பு. நான் மேடத்திடம் கேட்டுப் பார்த்தேன். “அவங்க பாதுகாப்புக்கு நாமதானே பொறுப்பு வசந்தா?” என்று சொல்லி, வாசல் கேட்டைப் பூட்டவைத்தார். மறுநாள் சிங்காரவேலு பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார். அந்த வாரக் கடைசிக்குள் ஆம்பளைகள் எல்லோருமே சுவர் ஏறிப் போனார்கள். முழங்கால் வலி என்று காலையில் என்னிடம் மாத்திரை வாங்கியவர்களும் அதில் உண்டு.

ஒரு நாள் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வந்துவிட்டார்கள். மையத்தில் பொம்பளைகளும் நானும்தான். மேடம் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். நான் கடற்கரைக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போய்விடும் என்றதும் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ஈரக் கைலியும் கையெல்லாம் செதிலுமாக வட்டத்தில் நின்று, யாரும் சொல்லாமலே “ஹா ஹா ஹா” என்று நன்றாகச் சிரித்துக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு ஒரே பூரிப்பு. அவர்களில் ஒருவர் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு சிங்காரவேலுவிடம் வந்தார். அட்டையில் மூன்று மூஞ்சி வரைந்திருந்தது: சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி, இரண்டும் இல்லாத மூஞ்சி. இங்கே வந்த பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று தொட்டுக் காட்ட வேண்டும். சிங்காரவேலு அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார். “இதுல எங்க ஊரு ஆளு யாரும் இல்லீங்களே.”

கஞ்சியும் கிழங்கானும்

அஞ்சலையம்மாள் காரைக்கால் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்று ஒரே மகனைப் படிக்கவைத்தவர். மகன் அரசாங்க அதிகாரி ஆனார். ஊருக்குள் காலனியில் மாடி வீடு கட்டினார். குப்பத்து வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு அம்மாவைக் கூட்டிவந்து, ஏசி போட்ட அறை, மெத்தைக் கட்டில், பகலுக்கு நான் என்று ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தார். அந்த வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள். திரைச்சீலையில் வாசனை தங்கிவிடுமாம். அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த கேரட், உப்பில்லாத பருப்புத் தண்ணி. எல்லாம் உடம்புக்கு நல்லது. அந்த நல்லதைக் கண்டதும் அஞ்சலையம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். பல் இல்லாத வாய், ஆனாலும் பூட்டு மாதிரி மூடும். நான் கெஞ்சுவேன், மருமகள் கெஞ்சுவார், மகன் ஆபீசிலிருந்து போன் போட்டுக் கெஞ்சுவார். எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தார். டாக்டர் பசிக்கு டானிக் எழுதினார். டானிக்கைத் துப்பினார். இப்படியே போனால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் உடனே, “போட்டுருங்க டாக்டர்” என்றார். அடுத்த வாரம் என்று நாள் குறித்தார்கள். யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குத் திரும்பிவிட, ஆட்டோவில் நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். மீன் மார்க்கெட்டுக்குக் கிட்டே ஒரு லாரி குறுக்கே நின்று வழி அடைத்துவிட்டது. நான் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கட்டிலிலிருந்து இறங்க ஆள் வேண்டும் என்கிற அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “வாடி, செத்த பாத்துட்டுப் போவோம்” என்று நேராக உள்ளே நடந்தார். விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது? அவர் ஒரு வியாபாரியம்மாவின் முன்னால் நின்று, வவ்வால் மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்து, மோந்து, பொத்தென்று போட்டார். “இது நேத்து செத்துதா, போன மாசம் செத்துதா?” என்றார். அந்தம்மா விடுவாரா? “கெழவி, மீன் வாங்க வந்தியா, பொணப் பரிசோதனைக்கு வந்தியா?” என்றார். அதற்கு அஞ்சலையம்மாள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலையும் போட முடியாது. கூட்டம் கூடிவிட்டது. நான் அவமானத்தில் கூனிக்குறுகி நின்றேன். திரும்பிப் பார்த்தால் அம்மாள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பேரம் படிந்து, நல்ல கிழங்கான் மீனாகப் பார்த்து வாங்கினோம்.

வீட்டில் மருமகள் கீதா பையைத் திறந்து பார்த்து ஐயோ என்றார். அவர் கெட்டவர் இல்லை. புருஷனுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். அம்மாள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று அதட்ட ஆரம்பித்ததும், கீதா அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அன்றைக்கு அஞ்சலையம்மாள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் முள் எடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். பிறகு டியூப் போடவில்லை. குறித்த நாளில் எடை பார்த்த டாக்டர், தன் டானிக்தான் வேலை செய்திருக்கிறது என்று இன்னொரு பாட்டில் எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் என்னோடு மார்க்கெட்டுக்குப் போகலாம், ஆனால் தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று மகன் ஒத்துக்கொண்டார். அம்மாள் அதற்கப்புறம் இரண்டு தீபாவளி பார்த்தார். கடைசி வரைக்கும் அந்த வியாபாரியம்மாவோடு சண்டையும் ஓயவில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆபீசில் யாரோ, “உங்கம்மா மார்க்கெட்ல சண்டை போடுறாங்க சார்” என்று சொல்லி, மகன் முகம் சிவந்து வந்து நின்றார். “என் மானத்த வாங்கிட்டீங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கீதா சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டேன். அப்போது அறைக்குள்ளிருந்து, மகன் பல மாதமாக முனகலுக்குமேல் கேட்டிராத குரல், தெருவில் கூடையோடு கூவிய குரலாக வந்தது. “அவள அனுப்புறதுன்னா அனுப்புடா. அதுக்கு முன்னாடி அடுப்புமேல காலையில வெச்ச கஞ்சி இருக்கு, எம் முன்னாடி ஒக்காந்து நீ அத ஒரு வாய் குடி பாப்பம்!”

இப்போது எனக்கும் தலை நரைத்து முழங்கால் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு என்னென்ன பிடிக்கும், பிடிக்காது என்று பிள்ளைகளிடம் சொல்ல வாயெடுத்தால், “நீங்க ஏம்மா கவலைப்படுறீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்கிறார்கள். எனக்குப் பயமே அந்த வார்த்தைதான்.